பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பெர்லினில் எவனோ ஒரு விடலை பஸ் நிறுத்தக் கண்ணாடியை உடைத்தால், மறுநாள் பத்திரிகையில் ‘வாண்டலிஸ்மஸ்’ என்று செய்தி வரும். வாண்டல்கள் குடியிருந்த வீடு மாதிரி அலங்கோலம் என்று ஜெர்மன் பேச்சில் வசவே உண்டு. ஐயா, வாண்டல்கள் யார்? உங்கள் பங்காளிகள்தானே! 406ஆம் ஆண்டுக் கடைசியில் ரைன் நதியைத் தாண்டி, ஸ்பெயின் வழியாக ஆப்பிரிக்கா போய், கார்த்தேஜைப் பிடித்து ஆண்ட ஜெர்மானிய இனம். 534இல் அந்த ஆட்சியும் போயிற்று. இனமும் கரைந்து போயிற்று. மானநஷ்ட வழக்குப் போட ஒரு வாரிசு கிடையாது. வசதிதான்!

455இல் அவர்கள் மன்னன் கெய்செரிக் ரோமைப் பதினான்கு நாள் கொள்ளையடித்தான். யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஜூபிடர் கோயில் கூரையின் பொன்முலாம் ஓடுகளைக்கூட விடாத ஆள். ஆனால், கொளுத்தாதே, கொல்லாதே என்று போப் லியோ கேட்டுக்கொண்டதைப் பெரும்பாலும் மதித்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அவன் அள்ளிய பொக்கிஷத்தில் எருசலேம் கோயில் பொருள்களும் இருந்தனவாம். ரோமானியர்கள் அவற்றைக் காசு கொடுத்தா வாங்கினார்கள்? கி.பி. 70இல் அந்தக் கோயிலையே எரித்துவிட்டு எடுத்து வந்தவை. ‘ரோமானியத்தனம்’ என்று எந்த அகராதியிலாவது ஒரு சொல் இருக்கிறதா?

பிரெஞ்சுப் புரட்சியில் சிலைகளையும் கலைச்செல்வங்களையும் நொறுக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதைக் கண்டிக்க 1794இல் ஆயர் கிரெகுவாருக்குக் கிடைத்த பெயர் வாண்டல். உள்ளூர்க்காரன் செய்ததற்கு, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தியவன் தலையில் பழி!

ஜெர்மனிக்கே வருவோம். 1938 நவம்பர் 9 இரவு. 1,400க்கும் மேற்பட்ட யூதத் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. ஆயிரக்கணக்கான கடைகள் நொறுங்கின. தீயணைப்பு வண்டிகளும் வந்தன, பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ள. மூன்றாம் நாள் நாஜி அமைச்சர் கோரிங் கூட்டம் போட்டான். அங்கே எழுந்த கவலைகளில் ஒன்று: கடை முகப்புக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வரவேண்டும், அந்நியச் செலாவணி செலவாகுமே! முடிவு? உடைந்ததை யூதர்களே சொந்தக் காசில் சரிசெய்ய வேண்டும். அவர்களுக்கு வரவேண்டிய காப்பீட்டுப் பணம் அரசுக்கு. போதாததற்கு நூறு கோடி ராய்ஷ்மார்க் அபராதம். உதை வாங்கியவனே உதைத்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

அந்த இரவுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்: ‘கிறிஸ்டல்நாஹ்ட்’. பளிங்கு இரவு! நகைக்கடை விளம்பரம் தோற்றது. பின்னால் வெட்கப்பட்டு ‘நவம்பர் போக்ரோம்’, அதாவது நவம்பர் இனவெறித் தாக்குதல், என்று மாற்றிச் சொல்கிறார்கள். பழைய பெயர் இன்னும் உலகமெங்கும் மினுமினுக்கிறது.

இது நமக்கும் தெரிந்த கதைதான். நாட்டையே சுருட்டிய வெள்ளைக்காரன்தான் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, ரேகை வைக்க மறுத்தவர்களை 1920இல் பெருங்காமநல்லூரில் சுட்டான்.

ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவில் வாண்டல் கிடையாது. ‘பொருட்சேதம்’, இரண்டு ஆண்டு வரை சிறை, அவ்வளவுதான். நீதிபதிக்குப் போதுமான அந்தச் சொல்லே பஸ் நிறுத்தச் செய்திக்கும் போதும், பத்திரிகைக்காரர்களே.