வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கு!

நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வளர்ற பிள்ளைக்கு எதை வாங்கினாலும் இரண்டு அளவு பெரிதாக வாங்க வேண்டும். அரைக்கால் சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கும். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்திருக்கும். அளவு சரியாக வந்து சேரும் நாளில் இரண்டும் கிழிந்திருக்கும் என்பது வேறு கதை. இந்தச் சட்டத்தைக் கும்பகோணத்திலிருந்து நியூஜெர்சிவரை பத்திரமாகக் கொண்டுவந்தவர் என் மாமனார்.

பேரனுக்கு எட்டு வயது, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் சேர்த்திருந்தோம். பேஸ்பால் கையுறை வாங்கக் கிளம்பினால் மாமா முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

கடையில் ஒரு சுவர் முழுக்கக் கையுறைகள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வழியாக அடிப்பகுதிவரை டேப் வைத்து அளப்பார்களாம். எட்டு வயதுக்கு 10.5 அல்லது 11 அங்குலம் போதும். மாமா எடுத்தது 12.75. வளர்ந்த ஆண்பிள்ளைகள் அவுட்ஃபீல்டில் நின்று போடுவது! தொழில்முறை மேஜர் லீக்கிலேயே இந்த வகைக் கையுறை 13 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று விதி.

“காலேஜ் வரைக்கும் வரும்மா” என்றார். மாட்டிப் பார்த்தால் பையனின் முன்கையில் பாதியைக் காணோம்.

சட்டை பெரிதானால் மடித்துத் தைக்கலாம். கையுறை அப்படியல்ல, பந்து விழுந்த கணத்தில் அதை மூட வேண்டும். கை சின்னது, தோல் விறைப்பு, கையுறை பெரிது என்றால் பந்து உள்ளே வந்து விசாரித்துவிட்டு வெளியே போய்விடும். அதனால் கடையிலேயே பிள்ளையின் கையில் மாட்டி, ஒற்றைக் கையால் மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். விலை, பிராண்ட், பையனுக்குப் பிடித்த சிவப்பு நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மாமாவுக்கு அடுத்த அதிர்ச்சி, கையுறையை இடது கையில் மாட்டியது. வலது கையால் எறிகிறவன் இடது கையில்தான் மாட்ட வேண்டும், பிடித்த பந்தை உடனே எறிய வலது கை காலியாக இருக்க வேண்டுமே என்று விளக்கினேன். “எதையுமே இடது கையால வாங்கக் கூடாதுன்னு இத்தனை வருஷம் சொல்லி வளர்த்தது இதுக்குத்தானா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் கணவருக்குக் கையுறை என்பதே கௌரவக் குறைவு. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைத் தவிர எல்லோரும் வெறுங்கையால்தான் பிடிக்கிறார்களாம். இதில் அவருக்குப் பழைய அமெரிக்கர்களின் ஆதரவு உண்டு. 1875-இல் சார்லஸ் வெயிட் என்ற ஆட்டக்காரர் யாருக்கும் தெரியாதபடி தோல் நிறத்தில் ஒரு கையுறை மாட்டிக்கொண்டு ஆடினார். அப்படியும் கண்டுபிடித்துச் சிரித்தார்களாம். பிறகு கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வார் வலை பின்னச் சொன்னவர் செயின்ட் லூயிஸ் பந்துவீச்சாளர் பில் டோக். அது 1920 வாக்கில். இன்றைக்கும் பந்து போய் உட்காருவது அந்த வலை உண்டாக்கும் குழியில்தான்.

கடைசியில் வாங்கியது 10.5 அங்குலம். வழியெல்லாம் மாமா பேசவில்லை.

புதுத் தோலைப் பழக்க வேண்டும். கொஞ்சமாக எண்ணெய் தடவி, குழியில் ஒரு பந்தை வைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மெத்தைக்கு அடியில் வைப்பது அமெரிக்கப் பாட்டி வைத்தியம். இது காதில் விழுந்ததும் அத்தை நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு வந்துவிட்டார். எண்ணெய் அதிகமானால் கையுறை ஊறிக் கனத்துவிடும் என்று சொல்லித் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தினமும் பத்து நிமிஷம் பந்தை எறிந்து பிடிப்பதைவிட நல்ல வைத்தியம் இல்லை. அதற்கு அப்பா சோபாவைவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

இதனால்தான் பழைய கையுறைக்கு இங்கே மவுசு. யாரோ பழக்கி வைத்த தோல் முதல் நாளே மூடும். அண்ணன் போட்டது தம்பிக்கு என்கிற நம் வீட்டு இன்னொரு சட்டம் இங்கே தாராளமாகச் செல்லும். எங்கள் சின்னவளும் அடுத்த வருஷம் லீக்கில் சேருகிறாள். ஆனால் அவள் இடதுகைக்காரி. அண்ணனுடையது அவளுக்கு உதவாது. இடதுகைப் பிள்ளை போட்ட 10 அங்குலக் கையுறை யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். 12 அங்குலம் இருந்தால், மாமா காதில் விழாமல் சொல்லுங்கள்.