பெரும்புள்ளி

மெயில் அனுப்புவார். அதைப் படிக்கச் சொல்லி மெசேஜும் அனுப்புவார். மெசேஜைப் பார்த்தோமா என்று கேட்க எழுந்தும் வருவார். மேனேஜர் என்றிருந்தால் இதெல்லாம் சகஜம், பழகிவிடும். பழகாதது அவர் புள்ளி பார்ப்பது.

அவுட்லுக்கில் நம் போட்டோவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் புள்ளிதான். பச்சை என்றால் ஆள் இருக்கிறார். சிவப்பு என்றால் வேலையில் இருக்கிறார். சிவப்பில் குறுக்கே கோடு விழுந்தால் தொந்தரவு செய்யாதே. மஞ்சள் என்றால் ஆள் சீட்டில் இல்லை. காலையில் நம்மவர் பழைய குழு மெயில் ஒன்றைத் திறந்து, பெயர் பெயராக மவுசை நகர்த்தி ஆஜர் எடுப்பார். அதற்கப்புறம்தான் காபி.

புள்ளிக்கு நிறம் கொடுப்பது டீம்ஸ். கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் தொடாவிட்டால் அது தானாகவே நம்மை மஞ்சளாக்கிவிடும். ஆறாவது நிமிடம் போன் அடிக்கும். "என்னப்பா, மஞ்சளா இருக்கே?" காமாலை வந்தவனை விசாரிப்பதுபோல அத்தனை பதற்றம். கிளையன்ட்டோடு போனில் இருந்தேன் சார் என்றால், "பேசு, வேணாங்கலை. பேசறப்பவே மவுசை ஒரு தட்டு தட்டினா என்ன?"

சிவப்பானால் விட்டுவிடுவாரா? காலண்டரில் மீட்டிங் போட்டிருந்தால் புள்ளி தானே சிவக்கும். அப்போதும் கூப்பிடுவார். "மீட்டிங்ல இருக்கேன்னு தெரியும்மா. சிவப்பா இருந்துச்சா, சரி, ஆள் ஆபீஸ்லதான் இருக்கேன்னு கூப்பிட்டேன்." கோடு போட்ட சிவப்பைப் பார்த்தாலோ நேரிலேயே வந்து நிற்பார்: "எனக்குமா?"

ஒருவர் பச்சையானதும் நமக்குச் சேதி சொல்ல டீம்ஸில் ஒரு வசதி உண்டு. அதைக் குழுவில் எல்லார் பெயருக்கும் போட்டு வைத்திருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கீபோர்டைத் தொடுவோம், "வந்தாச்சா?" என்று வந்து விழும். நம் குழுப் பையன் ஒருவன் அவுட்லுக் ஆப்ஷன்ஸில் 'பீப்பிள்' பகுதிக்குப் போய் ஆன்லைன் நிலை காட்டும் டிக்கை எடுத்துவிட்டு, தப்பித்தோம் என்று இருந்தான். புள்ளிகள் மறைந்தது அவன் திரையில் மட்டும்தான். அவர் திரையில் அவன் மஞ்சளாகவே இருந்தான்.

அவருடைய புள்ளி? எப்போதும் சாம்பல். ஆஃப்லைனில் இருப்பதாகக் காட்டும்படி வைத்திருக்கிறார். கேட்டால், "நான் பச்சையா இருந்தா ஆளாளுக்குக் கூப்பிடுவாங்கப்பா!" போட்டோவோ தலை நிறைய முடி இருந்த காலத்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரிடமே வந்து அவரைத் தேடுவார்கள்.

இப்போது பிள்ளைகள் தேறிவிட்டார்கள். முள் வைத்த கைக்கடிகாரத்தை மல்லாக்க வைத்து அதன்மேல் மவுசை வைத்துவிட்டுப் போகிறார்கள். விநாடி முள் ஓட ஓட கர்சர் துடிக்கும். ஆள் கேன்டீனில், புள்ளி பச்சை. போன மாத மீட்டிங்கில் அந்தக் கடிகாரக்காரனைக் காட்டித்தான், "இவனைப் பார்த்துக் கத்துக்கங்க, எப்பப் பார்த்தாலும் பச்சை!" என்றார். ராத்திரி கண்விழித்து வேலையை முடித்துக் கொடுத்த பெண்ணுக்குக் கிடைத்தது, "பகல்ல அடிக்கடி மஞ்சளாயிடறேம்மா."

சார், வேலை முடிந்ததா என்று கேளுங்கள். நாளுக்குப் பத்துத் தடவை கேளுங்கள், பதில் சொல்கிறோம். அந்தப் பெண் முடித்து அனுப்பிய மெயிலை நீங்கள் இன்னும் திறக்கவேயில்லை.