மாப்பிள்ளை மாட்டின சுடுகாத்துப் பொட்டி

உக்காருங்க மாப்ளே, இந்தக் கயித்துக் கட்டில்லயே உக்காருங்க. ஊட்டிக் குளுருல இருந்து எறங்கி வந்தவங்களுக்குக் காரமடை வெயிலு வெல்லமாத்தான் இருக்கும். காப்பித்தண்ணி வருது. அதுக்குள்ள ஒரு சங்கதி பேசிக்கலாம். மார்கழியில பத்து நாளு உங்க ஊட்டுல வந்து தங்கிப்போட்டு வந்தனே, பாத்ரூமுச் செவுத்துல நீங்க மாட்டி வெச்சிருக்கற அந்தச் சுடுகாத்துப் பொட்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாமயே பஸ் ஏறிட்டேன். சம்பந்தியம்மா முன்னால சொல்லக் கூடாதுன்னுதானுங்க. மருமகனை மெச்சறதுன்னா தனியா வெச்சுத்தான் மெச்சோணும்.

மெச்சாம என்ன பண்றதுங்க? 5 அடிக்கு 7 அடி பாத்ரூமு. எங்க கோழிக்கூடு அதைவிட ரெண்டு சாண் பெருசு. அதுக்குள்ள ஒரு கீசரு, ஒரு ஷவரு, வாளி, முக்காலி, சம்பந்தியம்மாவோட அரப்புடப்பா, இதுக்கெல்லாம் நடுவுல இந்தப் பொட்டிக்கும் எடம் கண்டுபுடிச்சீங்க பாருங்க, அங்கதான் படிச்ச மூளை. அதுவும் எங்க? ஷவருக்கு நேர் எதுத்தாப்பல, கைக்கெட்டற ஒசரத்துல. தண்ணிக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் பண்ணி வெச்சுப்போட்டீங்க. நான் என்ற புள்ளைய உங்களுக்குக் குடுக்கறப்பவே பத்துப் பொருத்தம் பாத்தவன். நீங்க ஒரு பொருத்தமும் பாக்காம இந்தக் கண்ணாலத்த முடிச்சுட்டீங்க.

பொட்டி வந்த அட்டைப்பொட்டியை என்ற புள்ளை அம்மிணி பரண் மேல வெச்சிருந்தா. எடுத்துப் பாத்தேன். கண்ணாடி போட்டாப் பொடி எழுத்துந் தெரியுதுங்க எனக்கு. பாத்ரூமுக்குன்னே செய்யற பொட்டியில ஐ.பி.எக்ஸ் 4ன்னு ஒரு குறி இருக்கோணும். எந்தப் பக்கமிருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம். உங்க அட்டையில அந்தக் குறியக் காணோம். விலைதான் கொட்டை எழுத்துல இருந்துது, தள்ளுபடியோட. வரவேற்பறைச் செவுத்துக்குப் பண்ணினதக் கொண்டுபோய்க் குளிக்க வெச்சுட்டீங்க. பரவால்லீங்க, அதுக்கும் குளுருமில்ல?

அதோட கரண்டுத் தீனியப் பாத்தீங்களா? 2000 வாட்டு. 230 வோல்ட்டால வகுத்துப் பாருங்க, 8.7 ஆம்பியரு. நாப்பது வருசமாக் கெணத்து மோட்டாரோட குடுத்தனம் பண்றவனுங்க நான். என்ற 5 எச்.பி. மோட்டாரு மும்முனைக் கரண்டுல ஒரு முனைக்கு 7, 8 ஆம்பியருதான் இழுக்கும். 80 அடி ஆழத்துல இருந்து தண்ணிய மேல தூக்கற மோட்டாரு இழுக்கறத, உங்க முதுகு காயறதுக்கு ஒத்தை முனையில இழுக்குது. அதை எதுல சொருகியிருக்கீங்கன்னு பாத்தேன். செல்போன் சார்ஜு போடற 6 ஆம்பியரு பிளக்குல, நடுவுல ஒரு அடாப்டரு வேற! வெள்ளையா இருந்த பிளக்கு மஞ்சக் குளிச்ச பொண்ணாட்டம் நெறம் மாறி நிக்குது. தொட்டுப் பாத்தேன், காச்சக்காரன் நெத்தியாட்டம் கொதிக்குது. பொட்டி சுடறதுக்கு முன்னால பிளக்கு சுட்டுப்போடும் மாப்ளே. பெரிய ஓட்டையோட 16 ஆம்பியரு பவர் பிளக்குன்னு விக்கறாங்களே, அதுக்குத் தனி ஒயரு இழுத்து, தனி எம்சிபி வெச்சுக் குடுக்கோணும்.

சுவிட்சு எங்க இருக்கோணும்னு நான் சொல்லோணுமாக்கும்? பாத்ரூமுக்கு வெளிய. ஈரக் கையில சுவிட்சத் தொடறவன் ஒண்ணு தைரியசாலி, இல்லீனா இன்சூரன்சு கட்டினவன். நீங்க ரெண்டும்னு அம்மிணி சொன்னா. எங்க கெணத்து மேட்டுல ஒரு எருமை, மழை நாளு, தோலுரிஞ்ச ஒயருல ஒரசுச்சு. ஒரு சத்தங்கூடப் போடாமச் சாஞ்சுபோச்சுங்க. அன்னைக்கிருந்து எர்த்து இல்லாத எதையும் நான் தொடறதில்ல. ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்குது. 30 மில்லி ஆம்பியரு கசிஞ்சாலே கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கரண்டை வெட்டிப்போடும். விலை பாத்து மலைக்காதீங்க. எருமை விலையோட வெச்சுப் பாத்தா மலிவுதான். மருமகன் விலை இன்னும் எவ்வளவு கூடன்னு சீர் குடுத்த எனக்குத்தான் தெரியும்.

அப்பறம் நீங்க அதை ஓட்டற அழகு இருக்குதே! காலையில எந்திரிச்சதும் பொட்டியப் போடுவீங்க. பல்லு வெளக்கறது, காப்பி, பேப்பரு, செல்போனு, பொறவு ஷேவிங்கு. ஒரு மணி நேரம் அது பாட்டுக்கு உள்ள பாடிக்கிட்டுக் கெடக்கும். ஒரு மணிக்கு 2 யூனிட்டு. 60 நாளைக்கு 120. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அரசாங்கம் இனாமாக் குடுக்கற யூனிட்டை உங்க பாத்ரூமே முழுங்கப் பாக்குது.

அந்த ரூமுல எவ்வளவு காத்து இருக்கும்னு நெனைக்கறீங்க? 8 கன மீட்டரு. எடை போட்டா 10 கிலோ வராது. அந்தக் காத்தைச் சூடு பண்ண 2000 வாட்டுக்கு ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் போதும். மிச்ச நேரமெல்லாம் அது சூடு பண்றது செவுத்தையும் டைல்சையும்தான். அது கும்பகர்ணனாட்டம், எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கும். அதனால பத்து நிமிசம் முன்னால போட்டாப் போதும். காலுக்கு ஒரு ரப்பர் மிதியடி போட்டுக்குங்க. காத்து சூடா இருந்தும் ஒடம்பு நடுங்குதுன்னா கொஞ்சம் குளுரு உள்ளங்கால் வழியா ஏறுறதுதான். 20 லிட்டரு வாளித் தண்ணியக் காய வெக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். பொட்டி கால் மணி ஓடினா அரை யூனிட்டு. குளிக்கறதுக்கு ஒண்ணு, குளுருக்கு ஒண்ணு, சரிக்குச் சரி. அதுவரைக்கும் நியாயம்.

இன்னொண்ணு கவனிச்சனுங்க. குளிச்சு முடிச்சு ஈரத்தோட அந்தப் பொட்டிக்கு முன்னால போய் நிக்கறீங்க. ரெண்டு நிமிசத்துல பல்லு தந்தியடிக்குது. உடனே, “மாமா, இதுல சூடே வரல, கடைக்காரன் ஏமாத்திட்டான்”ங்கறீங்க. கடைக்காரன் பாவம். மண்பானைக்கு ஈரத்துணி சுத்தி, காத்து வர்ற பக்கம் வெக்கறமே, எதுக்கு? ஈரத்து மேல காத்துப் பட்டாக் குளுருமுன்னுதான். ஒடம்புல இருக்கற தண்ணி ஆவியாப் போறப்ப ஒடம்புச் சூட்டையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிரும். நீங்க பானையாட்டம் நின்னுக்கிட்டு, பொட்டிய வையறீங்க. குளிக்கறப்ப அதை நிறுத்திப்போடுங்க. சுடுதண்ணியே சூடுதானுங்க. முடிஞ்சதும் மொதல்ல தொவட்டிக்குங்க, பொறவு வேணும்னா போட்டுக்குங்க. அம்மிணியும் உங்களைப் பாத்து அப்படித்தான் நிக்கறா. புருசனைப் பாத்துப் படிச்சது.

தலைகுந்தாப் பக்கம் புல்லு மேல உப்புக் கொட்டினாப்பல உறைபனி கெடந்துது ஒரு நாளு. அந்தக் குளுருலயும் தோடருங்க காலங்காலமா இருந்திருக்காங்க. தாவரவியல் பூங்காவுக்கு மேல அவங்க குடியிருக்கற மந்துக்குப் பேரன் என்னைக் கூட்டிட்டுப் போனான். பழைய மாதிரிக் குடிசை, பாதி பீப்பாயக் கவுத்து வெச்சாப்பல. வாசல் மூணடி இருக்கும், தவந்துதான் உள்ள போகோணும். குளுரு உள்ள வர்றதுக்கும் குனிஞ்சுதான் வரோணும். உங்க பாத்ரூமு அப்படியா? சன்னல்ல ரெண்டு கண்ணாடிப் பட்டையக் காணோம், கதவுக்கு அடியில எலி கொட்டாவி விட்டுக்கிட்டே நடந்துபோற சந்து. பொட்டி இங்க ஊதுது, சூடு அந்தப் பக்கமா நீலகிரியச் சுத்திப் பாக்கப் போவுது. மேல எக்ஸாஸ்ட் பேனும் ஓடுது! ஒரு கையில ஊட்டி, மறு கையில புடுங்கறாப்பல. குளிச்சு முடிச்சுப் பொட்டிய அணைச்ச பொறவு எக்ஸாஸ்ட்டப் போடுங்க, ஈரம் வெளிய போவோணும். இல்லீனா செவுத்துல கருப்புப் பூசணம் கோலம் போடும். சன்னல் பட்டையும் கதவுச் சந்தும் சின்னச் சோலிதான்.

ஆனா மாப்ளே, இந்த ஒரு பேச்சை நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்லல. கரண்டு பில்லு வந்த அன்னைக்கு, “பேசாம கேஸ் கீசரு மாட்டிரலாம், சன்னலையும் நல்லா அடைச்சிரலாம்”னீங்க பாருங்க, எனக்கு வவுறு கலங்கிப்போச்சு. கரண்டுப் பொட்டி எதையும் எரிக்கறதில்ல. சுருள் கம்பி சூடாகுது, காத்தாடி ஊதுது, அவ்வளவுதான். ரூமுல இருக்கற பிராணவாயுவத் தின்னுரும்னு சம்பந்தியம்மா சொல்றது சும்மா. கேசு எரியறது அப்படியில்ல. காத்துப் பத்தாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கெடையாது, கண்ணுக்குத் தெரியாது, இருமல்கூட வராது. கேஸ் கீசரு இருக்கற பாத்ரூமுல சன்னல அடைச்சுக் குளிக்கப் போனவங்களக் கதவ ஒடைச்சுத்தான் வெளிய எடுத்திருக்காங்க. குளுருக்குக் கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சுக் கதவச் சாத்திப் படுத்தவங்க கதையும் மலை ஊருங்கள்ல அப்பப்ப பேப்பர்ல வருது. கேசுதான்னு முடிவு பண்ணினா கீசரை ஊட்டுக்கு வெளிச் செவுத்துல மாட்டுங்க, தண்ணி மட்டும் உள்ள வரட்டும். இதுல என்ற பேச்சக் கேட்டே ஆவோணும்.

சரி, மூஞ்சியத் தூக்காதீங்க. பொட்டி வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. சம்பந்தியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. கம்பளிக்குள்ள இருந்து எந்திரிச்சு நேரா ஐஸ்கட்டி ரூமுக்குள்ள போய்த் துணியக் கழட்டினா ரத்தக்குழாயி சுருங்கும், அழுத்தம் ஏறும். அவங்களுக்கு அந்தப் பத்து நிமிசச் சூடு மருந்தாட்டம். சின்னக் குட்டிக்குத் தண்ணி வாக்கறப்பவும் அப்படித்தான். ரூமு சூடான பொறவு கொழந்தையத் தூக்கிட்டுப் போங்க, அது மேல காத்து நேரா அடிக்காமப் பாத்துக்குங்க. கீசரும் பொட்டியும் ஒரே சமயத்துல ஓட வேண்டாம். ரெண்டுஞ் சேந்தா 4000 வாட்டு, 17 ஆம்பியருக்கு மேல. அன்னைக்கு நீங்க சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கறப்ப இருட்டாச்சே, அதான். கண்ணு எரிய “யாருடா மெயினை ஆஃப் பண்ணினது”ன்னு கத்தினீங்க. பேரன் என்னையக் காட்டினான். நான் பண்ணலீங்க, சத்தியமா.

குளுருக்கு முன்னால ஒருக்காப் பொட்டியத் தூசி தட்டி வெக்கோணும். மொத நாளு வர்ற கருகல் வாசம் பழைய தூசி எரியறது, பயப்பட ஒண்ணுமில்ல. நாலாம் நாளும் வந்தா பயப்படலாம்.

கருகல் வாசம்ன ஒடனே நெனப்பு வருது. அஞ்சாம் நாளு காத்தால பொட்டி திடீர்னு நின்னுபோச்சே, நெனப்பிருக்குதா? நீங்க அம்மிணியப் பாத்து, “எதையாச்சும் மேல போட்டு மூடினியா”ன்னு கேட்டீங்க. அவ கண்ணக் கசக்கிக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. எலக்ட்ரீசியன் வந்தான், திருப்புளியக் காட்டினான், 300 ரூவா வாங்கினான், பொட்டி ஓடுச்சு. அவன் ஒரு மண்ணும் பண்ணலீங்க. காத்து போற வழிய எதாச்சும் அடைச்சாச் சூடு மிஞ்சிப்போயிரும். உள்ள ஒரு கட்-அவுட் இருக்குது, அது கரண்டை நிறுத்திரும். ஆறினதும் தானா ஓடும். அதனாலதான் அது மேல ஈரத்துணி காயப்போடவே கூடாதுங்கறது. கட்-அவுட்டு இல்லாத பொட்டியா இருந்தாத் தீயே புடிச்சிருக்கும்.

இவ்வளவு வெவரம் இந்தக் கெழவனுக்கு எப்படின்னு பாக்கறீங்களா? ஊட்டிக் குளுருல துண்டு மூணு நாளாக் காயலீங்க மாப்ளே. பதினஞ்சு நிமிசந்தான் போட்டேன். ஒரு ஓரம் கருகிப்போச்சு, மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். எருமை செத்ததுல இருந்து வெவரமா இருக்கறவன்னு இப்பத்தான பீத்திக்கிட்டேன். அம்மிணிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிருங்க. அந்த 300 ரூவாய நோம்பிக் காசுல கழிச்சுக்குங்க. ஈரோடு பக்கம் போனீங்கன்னா ஈரெழைத் துண்டு ஒண்ணு எனக்கு வாங்கியாங்க. நாலு முழம், செவப்புக் கரை.