லிங்கர் பிழைகளின் புணரியல்

சி மொழியில் எழுதிய லைப்ரரியைப் புதிய போர்டுக்குக் கொண்டுபோகும்போது லிங்கர் காட்டும் பிழைகள் கணினியியலைச் சேர்ந்தவை என்பது பொதுக்கருத்து. கூர்ந்து நோக்கின் அவை எழுத்ததிகாரத்தைச் சேர்ந்தவை. கம்பைலர் தனித்தனியே ஆக்கித் தரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை நிலைமொழியாகவும் வருமொழியாகவும் நிறுத்திச் சேர்ப்பதே லிங்கரின் தொழில். நன்னூல் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என இரண்டாக்கி, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. இப்பகுப்பு லிங்கருக்கும் பொருந்தும். முதல் தடவையிலேயே பிழையின்றி இணைவது இயல்பு புணர்ச்சி. அதற்கு உதாரணம் கிட்டாமையால் நேரே விகாரத்துக்குச் செல்லலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8: கார்ட்டெக்ஸ்-எம்3 கோர், 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ரேம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை. லினக்ஸில் முணுமுணுக்காமல் ஓடிய லைப்ரரி இங்கே வந்து இறங்குகிறது.

முதலாவதும் பெரியதும் கெடுதல். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்னும் செய்தி இதன் அடையாளம். லைப்ரரி 'மேலாக்' என்று ஒருமுறை அழைத்திருந்தால் போதும், '_எஸ்பிரேக்' காணவில்லை என்று லிங்கர் முறையிடும். அப்படி ஒரு பெயரைத் தாம் எழுதவே இல்லை என்று நிரலர் சத்தியம் செய்வார். சத்தியம் மெய்தான். 'மேலாக்' நியூலிப் என்னும் சி லைப்ரரியைச் சேர்ந்தது. அது இடம் வேண்டி '_எஸ்பிரேக்' வாசலில் நிற்கும். அந்த வாசலைக் கட்டித்தர வேண்டியவர் போர்டுக்காரர். 'பிரின்ட்எஃப்' அழைத்தால் '_ரைட்' என்பதற்கும் இதே கதி. லினக்ஸில் இவற்றையெல்லாம் கேட்காமலே வேறொருவர் செய்து வைத்திருந்தார் என்பது அவர் இல்லாத இடத்தில்தான் தெரியவருகிறது.

இதற்கு இரு சிகிச்சைகள் உண்டு. ஒன்று, அந்தச் சில ஃபங்ஷன்களையும் எழுதிவிடுவது. மற்றது, நோசிஸ் என்னும் பொம்மை லைப்ரரியைச் சேர்ப்பது. பெரும்பான்மையோர் பின்னதையே நாடுவர். உடனே லிங்கர் 'எண்ட்' என்ற பெயரைக் காணவில்லை என்று தொடங்கும். நோசிஸின் '_எஸ்பிரேக்' ஹீப் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் பெயரைக் கொண்டே அறிகிறது, அதை லிங்கர் ஸ்கிரிப்ட் தர வேண்டும். அதையும் தந்தபின் எல்லாம் இணையும். ஆயினும் திரையில் ஓர் எழுத்தும் வராது. '_ரைட்' எப்போதும் தோற்கும் என்று லிங்கர் எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கும்தான். எச்சரிக்கைகளைப் படிக்கும் வழக்கம் இத்துறையில் இல்லை.

கெடுதலில் ஓர் உட்பிரிவு, பெயர் இருந்தும் இல்லாமல் போவது. லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படிக்கும்; ஸ்டாட்டிக் லைப்ரரியைக் கண்டால் அதுவரை தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். கணித லைப்ரரியை முன்னே எழுதி, அதைக் கேட்கும் ஃபைலைப் பின்னே எழுதினால் 'சைன்' காணாமல் போகும். வருமொழி முந்திக்கொண்ட குற்றம் இது. இடம் மாற்றினால் தீரும். ஒன்றையொன்று கேட்கும் இரு லைப்ரரிகளைக் குரூப்புக்குள் அடைத்து, லிங்கரைத் திரும்பத் திரும்பப் படிக்கவைக்க வேண்டும். இன்னொன்று, வகுத்தல் கணக்கு. கார்ட்டெக்ஸ்-எம்3 32 பிட் எண்ணைத் தானே வகுக்கும், 64 பிட் எண்ணை வகுக்கத் தெரியாது. அதற்குக் கம்பைலரின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசி வேண்டும். 'நோஸ்டுலிப்' என்னும் ஆப்ஷனை வீராப்பாக எழுதியவர் அதையும் விரட்டியிருப்பார். கட்டளையின் கடைசியில் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

திரிதல் இருவகை. சி++ கம்பைலரின் கையில் போன ஃபங்ஷனின் பெயர், வாங்கும் ஆர்குமென்ட்களின் வகைகளையும் வாலாகச் சேர்த்துக்கொண்டு திரும்பும். ஹெடரில் 'எக்ஸ்டர்ன் சி' எழுதினால் பழைய பெயர் மீளும். மற்றது பெயர் மாறாமல் பழக்கம் மாறுவது. ஃபுளோட் மதிப்பை ஹார்டு ஃபுளோட் முறை மிதவைப்புள்ளி ரெஜிஸ்டரிலும், சாஃப்ட் முறை சாதாரண ரெஜிஸ்டரிலும் கைமாற்றும். எம்4-க்காக ஹார்டு முறையில் கம்பைல் செய்த லைப்ரரியை எம்3-க்கான நிரலோடு சேர்க்க லிங்கர் மறுப்பது நியாயமே. அதை ஏமாற்றும் ஆப்ஷனைத் தேடாமல், சோர்ஸிலிருந்து மறுபடி கம்பைல் செய்வதே முறை.

தோன்றல் எளிது: ஒரே பெயர் இரண்டு இடத்தில் முளைப்பது. ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் வேரியபிளை எழுதியவர்களைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட ஜிசிசி கம்பைலர், 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து பொறுப்பதில்லை.

இம்மூன்றிலும் அடங்காதது ஃபிளாஷ் நிரம்பி வழிதல். பெயர்கள் அனைத்தும் பொருந்தியும் இடம் போதாமை. நானோ நியூலிப், அளவு குறைக்கும் ஆப்டிமைசேஷன், யாரும் அழைக்காத ஃபங்ஷன்களைக் கழிக்கும் ஜிசி-செக்ஷன்ஸ் ஆகியவை மருந்து. கடைசி மருந்துக்குப் பத்தியம் உண்டு. வெக்டர் டேபிளை நிரலில் எவரும் அழைப்பதில்லை. ரீசெட் ஆனதும் சிப்பே அதன் முதல் இரு சொற்களைப் படித்து ஸ்டாக்கையும் தொடங்குமிடத்தையும் அறிகிறது. இது லிங்கருக்குத் தெரியாது, அநாதை என்று தூக்கி எறிந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியைக் 'கீப்' என்பதற்குள் எழுதினால் டேபிள் தப்பும்.