மீன்தொட்டியில் மின்கசிவுச் சோதனை

கோவளத்தில் வீட்டு மீன்தொட்டியின் மின்கசிவை அறியப் புழங்கும் கருவி ஆள்காட்டி விரல். செலவில்லை, சுர்ரென்றால் கசிவு உண்டு. நம்பிக்கை குறைந்தவர்கள் மட்டும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைப் பிளக் பாயிண்டின் எர்த் துளையிலும் வைப்பார்கள். 40 வோல்ட் காட்டினால், உப்புக்காற்றில் பச்சை பூத்த பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் எண் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். கசிவே இல்லாமல் வெறும் தூண்டலாலும் மீட்டர் எண் காட்டும்; அந்தப் பதற்றம் இலவச இணைப்பு. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இந்தச் சுவாரசியத்தைக் கெடுப்பதால் விலக்கப்படுகிறது. மீனுக்குக் கவலையில்லை; அது தரையில் கால் ஊன்றுவதில்லை. கடைசியில் பிடிபடுவது கண்ணாடி விரிசல் விட்ட ஹீட்டர். கத்திரி வெயிலில் கோவளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் அரும்பணியில் இருந்தது அது. அன்றே புதிய ஹீட்டர் வாங்கப்படும்.