கோட்டுப் போட்ட கோவை

1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய நாளிலிருந்து ஊருலகத்துக்கே நூல் நூற்றுக் கொடுத்தவர்கள் நாம். ஆனால், கோட்டு என்று வந்துவிட்டால் தடுமாறிப் போவோம்.

கொடீசியா கண்காட்சிக்கு வெளிநாட்டுப் பையர் வருகிறார் என்றதும் பம்ப்செட் முதலாளி கிராஸ்கட் ரோட்டுக்கு ஓடுவார். "கொஞ்சம் லூசாவே எடுங்க, நாளைக்குச் சதை போட்டாலும் ஆகோணுமில்லீங்க?" என்பது வீட்டம்மா உத்தரவு. இடுப்பைப் பிரித்துத் தைத்துவிடலாம்; தோள் தையல் தோளெலும்பு முடிகிற இடத்தில் நிற்காவிட்டால், கைதேர்ந்த டெய்லரும் கையை விரிப்பார். அதை யார் கேட்டார்கள்? முதுகுப் பிளவு கசங்காமலிருக்கப் பெருக்கல் குறியாய்ப் போட்ட தையலும் கைநுனி லேபிளும் பத்திரமாக இருக்கும். லேபிளைப் பிரித்துவிட்டால் போட்ட காசு எப்படித் தெரியுமாம்?

பையரோ திருப்பூர் டீ-சர்ட்டில் வந்து இறங்குவார்.

2014-இல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டிய நீதிபதியையே உள்ளே விட மறுத்ததும், அதே ஆண்டில் சட்டமன்றம் வேட்டியைக் காக்கச் சட்டம் போட்டது. அளவு தப்பிய கோட்டிலிருந்து முதலாளியைக் காக்கத்தான் இன்னும் ஒரு மசோதாவும் வரவில்லை.