ஆர்மோனியத்தின் பங்காளி

'பாண்டிமோனியம்' என்ற சொல்லை இங்கிலீஷ் பேப்பரில் நாடாளுமன்றச் செய்திகளில்தான் பார்த்திருக்கிறேன். ஆர்மோனியத்துக்கு ஏதோ பங்காளி முறை போலிருக்கிறது, எல்லாக் கட்டைகளையும் ஒன்றாக அமுக்கினால் வருகிற சத்தம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அகராதி அலமாரியில்தான் இருந்தது. எழுந்து எடுக்கச் சோம்பல்.

இந்த லட்சணத்தில், எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்குக்காக நாலு பேர் கத்திக்கொண்டிருந்தபோது எழுந்து, அவர்களைவிட உரக்க, "வாட் இஸ் திஸ் பாண்டிமோனியம்?" என்றேன். சட்டென்று அமைதி. எனக்கு ஏகப் பெருமை. மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் மட்டும், "அங்கிள், அது மில்டன் உண்டாக்கின வார்த்தைதானே?" என்று கேட்டாள். "ஆமாமா" என்று தலையாட்டி வைத்தேன்.

அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன். 1667-இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம், பார்வை போனபின் மில்டன் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியது. கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'டைமோன்' என்றால் பேய். நரகத்தில் சாத்தானின் தலைநகருக்கு அவர் சூட்டிய பெயர் இது. கூச்சல், அமளி எல்லாம் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.

அந்தத் தலைநகரின் மாளிகை தரையைப் பிளந்து எழும்போது இனிய இசை கேட்கிறதாம். உருக்கிய பொன் அச்சுக்குள் ஓடிப் பாய்வதற்கு மில்டன் சொல்லும் உவமை, ஒரே காற்று ஆர்கன் குழாய்களில் எல்லாம் பரவுவது. ஆர்கன் என்றால் ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா! என் சோம்பேறித்தனத்துக்கு இப்படியொரு சாட்சி கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை.

சந்தோஷம் மீதியைப் படிக்கும் வரைதான். இடம் போதாததால் சாதாரணப் பேய்கள் தாமே உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே அடங்குகின்றன. தலைவர்கள் மட்டும் தனியே கூடுகிறார்கள். மறுபடி போர் என்கிறான் மோலோக். வேண்டாம் என்கிறான் பெலியல். இங்கேயே ராஜ்யம் கட்டுவோம் என்கிறான் மம்மன். புதிதாகப் படைத்த உலகத்தைக் கெடுப்போம் என்கிறான் பீல்சபப். ஒருவன் முடித்த பிறகே அடுத்தவன் பேசுகிறான். கடைசியில் வாக்கெடுப்பு, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

எங்கள் சங்கத்தில் லாரிக் கணக்கு இன்னும் நிறைவேறவில்லை. நான் கத்தியதை மட்டும் மினிட்ஸில் ஏற்றிவிட்டார்கள். கூட்டம் நடத்துகிற விஷயத்தில் பேய்கள் எங்களைவிட எவ்வளவோ தேவலை.